புகுந்த நாட்டைத் தம் நாடாக்கிய நடிகை

பிறந்த மண்ணை விட்டு, மொழி வேறான மண்ணில் குடிபுகுந்து வாழ்வது எளிதன்று. பாலக்காட்டிலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதனை நன்கறியும். அரண்மனையில் குடிபுகுந்தவருக்கும் இத்துன்பம் உண்டு என்பதற்குக் கிரேஸ் கெல்லி அம்மையாரின் வாழ்வே சான்றாகும்.

அம்மையார் 1929 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் கெல்லி கொத்தனாராகத் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். படகுப் போட்டியில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்றவர். செல்வ மகளாயினும் கிரேஸ் நியூயார்க்கில் நடிப்புப் பயின்ற காலத்தில் விளம்பரப் படங்களுக்கு நின்று பொருளீட்டினார். 1951 முதல் 1956 வரை வெளிவந்த அவருடைய படங்கள் 11 மட்டுமே. அவற்றுள் மூன்று ஹிட்ச்காக் இயக்கியவை. 'தி கன்ட்ரி கேர்ள்' படத்திற்காக 1955-இல் ஆஸ்கார் விருது பெற்றார்.

அவ்வாண்டு மே மாதம் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவுக்குச் சென்றபோது, அண்டை நாடான மொனாக்கோவின் அரசர் மூன்றாம் ரெய்னியரைச் சந்தித்தார். அந்நாட்டின் நீளத்தை ஒரு மணி நேரத்தில் நடந்தே கடந்துவிடலாம். 1956 ஏப்ரலில் திருமணம் நடந்தது. தம் 26-ஆம் வயதில், புகழின் உச்சியில், திரையுலகைத் துறந்தார்.

பிரெஞ்சு மொழியும் அரண்மனை வழக்கங்களும் பழகுவதற்கு அரும்பாடு பட்டார். 1962-இல் ஹிட்ச்காக் மீண்டும் நடிக்க அழைத்தார். அம்மையார் இசைந்தார். ஆனால் தங்கள் அரசி திரையில் தோன்றுவதை மொனாக்கோ மக்கள் விரும்பவில்லை; அவரும் விலகிக்கொண்டார். அதன்பின் குழந்தைகள் நலனுக்காக 1963-இல் ஓர் உலக அமைப்பையும், 1964-இல் தம் பெயரில் ஓர் அறநிலையத்தையும் நிறுவினார். எனினும் உள்ளிருந்த கலை உறங்கவில்லை. 1976-இல் எடின்பரோ விழா மேடையில் கவிதைகளை வாசித்து அவையோரை மகிழ்வித்தார்.

1982 செப்டம்பர் 13-ஆம் நாள் மலைப்பாதையில் அவர் ஓட்டிச் சென்ற கார் பள்ளத்தில் உருண்டது. மறுநாள் 52 வயதில் காலமானார். மணம் புரிந்த அதே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறுமணம் செய்யாது வாழ்ந்த ரெய்னியரும் 2005-இல் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் சங்க மேடையில் ஆண்டுதோறும் பாடியும் ஆடியும் பரிசு பெறும் பெண்மக்கள் பலர். மணமான பின் அவர்களுள் எத்தனை பேரை மீண்டும் மேடையில் காண்கிறோம்? புகுந்த வீட்டைத் தம் வீடாக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு, அவள் கொண்டுவந்த கலையையும் காத்துக்கொள்ள இடந்தருவது அவ்வீட்டாரின் கடமையன்றோ!