திலகர் கண்ட பள்ளி

பாலகங்காதர திலகர் 1856-ஆம் ஆண்டில் பிறந்தவர். சட்டம் பயின்ற அவருக்குப் பொருளீட்டும் வழிகள் பல இருந்தன. அவரோ கல்வித் தொண்டையே விரும்பினார். அரசாங்க ஆசிரியர் பதவியைத் துறந்து வந்த விஷ்ணு சாஸ்திரி சிப்லூங்கரோடு சேர்ந்து, 1880-ஆம் ஆண்டில் பூனா நகரில் நியூ இங்கிலீஷ் ஸ்கூல் என்னும் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்.

பெருஞ்சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்தப் பள்ளியில் பொருளில்லை. ஆதலின், குறைந்த ஊதியத்துக்கு மனமுவந்து உழைப்பவரையே அவர்கள் நாடினர்; தாமும் ஆசிரியராயினர். திலகர் கணிதமும் வடமொழியும் கற்பித்தார். வடமொழி வல்லுநர் வாமன் சிவராம் ஆப்தே வந்து சேர்ந்தார். எம்.ஏ. பட்டம் பெற்றதும் கல்லூரித் தோழர் அகர்க்கரும் வந்தார். அக்குழுவினரே 1885-இல் பெர்கூசன் கல்லூரியையும் தோற்றுவித்தனர்.

ஆசிரியர் வெளி வருவாயை நாடாது பள்ளிக்கே உழைத்தல் வேண்டும் என்பது திலகர் கொள்கை. தோழர் பலர் அதற்கு இசையாமையால், தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு 1890-இல் அவர் விலகினார், கொள்கையை விட்டாரில்லை.