ஏசி இல்லாத குளிர்ச்சி, பூச்சு இல்லாத சுவர்: யார் இந்த லாரி பேக்கர்?

திருவிடந்தை பெருமாளை சேவித்துவிட்டு ஈசிஆர் வழியாக சென்னை திரும்புபவர்கள், கோவளம் தாண்டியதும் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைப் பார்த்திருப்பார்கள். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் காட்டும் அந்த வளாகத்தின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு, இங்கிலாந்தில் பிறந்த ஒருவருக்கு உண்டு. அவர்தான் லாரி பேக்கர். நல்ல வீட்டுக்கு நிறைய பணம் தேவையில்லை என்று கட்டியே காட்டியவர்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1917 மார்ச் 2ல் பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கி ஏந்தாமல், மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனா போனார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கான பொருட்கள் எல்லாம் அதைச் சுற்றி 5 மைலுக்குள், அதாவது சுமார் 8 கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் யோசனை பேக்கரின் மனதில் பதிந்துவிட்டது.

1945ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கட்ட மீண்டும் இந்தியா வந்தார். 1948ல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்தார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் இருவரும் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். அங்கே அந்த ஊர்க்காரர்கள் கட்டிய கல் வீடுகள்தான் அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம். 1963ல் கேரளா வந்து, பின்னர் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார்.

செலவு குறைந்தது எப்படி?

மந்திரம் எதுவும் இல்லை. வீணாவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

• சுவர்: செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது 'ரேட் டிராப்' முறை. சுமார் 25 சதவீத செங்கல் மிச்சம். இடைவெளியில் இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும்.

• கூரை: கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பாரத்தைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு நடுவில் ஓடுகளை வைத்து, சிமென்ட்டைக் குறைத்தார். இதுதான் 'ஃபில்லர் ஸ்லாப்'.

• ஜன்னல்: பல இடங்களில் மரச்சட்டத்துக்குப் பதிலாக செங்கல்லிலேயே துளை விட்ட ஜாலி சுவர். காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும், கண் கூசாது.

வெளிப்பூச்சும் பெயின்ட்டும் பெரும்பாலும் கிடையாது. மரம் இருந்தால் வெட்டாமல் சுவரை வளைத்துவிடுவார். பழைய காகிதங்களின் பின்பக்கம் வரைந்துகொண்டு, கொத்தனார்களோடு களத்திலேயே நிற்பார்.

ஏழைகளுக்கு மட்டுமா?

இல்லை. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் ஆகியவையும் அவர் கட்டியவைதான். மீனவர் குடியிருப்புக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் ஒரே செங்கல், ஒரே அக்கறை. செலவு ஏறினால் கட்டணமும் ஏறும் தொழிலில், செலவைக் குறைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார்.

1985ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு மூலம் இந்த முறைகள் பரவின. இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007 ஏப்ரல் 1ல், 90 வயதில் காலமானார்.

இன்று ஏன் முக்கியம்?

கடற்கரை வெயிலில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, அதைக் குளிர்விக்க கரண்ட் பில் கட்டுகிறோம். பேக்கர் முறையிலும் ஒரு நிபந்தனை உண்டு. தரமான செங்கல்லும், வேலை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். பூச்சு இல்லாத சுவரில் தவறை மறைக்க முடியாது. சிமென்ட்டுக்குப் போகும் பணம் கைத்தொழில் தெரிந்தவரின் கூலியாக மாற வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.