குண்டுவீச்சில் அழிந்த கணினி

தரம் 6 பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் தொடங்கும்போது, நான் கொன்ராட் சூசேயின் கதையையே முதலில் சொல்வேன்.

1910இல் பேர்லினில் பிறந்த சூசே கட்டடப் பொறியியல் படித்தவர். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போய், 1936இல் பெற்றோரின் வீட்டிலேயே கணிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பத்து இலக்கங்களை விட்டு 0, 1 இரண்டையே எடுத்தார். ஆளி போட்டால் 1, அணைத்தால் 0. இன்றைய கணினியும் இவ்விரண்டில்தான் இயங்குகிறது.

1941இல் அவரது இசட்3 இயங்கியது. பழைய திரைப்படச் சுருளில் துளையிட்டு அதற்குக் கட்டளை கொடுத்தார். அவரது உழைப்பு ஹிட்லர் அரசின் ஆயுதத் தயாரிப்புக்கும் உதவியது. அதையும் பிள்ளைகளுக்கு மறைக்க மாட்டேன்.

1943இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் இசட்3 அழிந்தது. 1945இல் அடுத்த இயந்திரமான இசட்4ஐ ஏற்றிக்கொண்டு பேர்லினை விட்டு வெளியேறி, தெற்கே ஒரு மலைக் கிராமத்தில் ஒளித்துவைத்தார். 1950இல் அது சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தது. குண்டுவீச்சில் போன தன் முதல் இயந்திரத்தையும் முதுமையில் மீண்டும் செய்துவைத்தார். 1995இல் காலமானார்.

இடப்பெயர்வில் என் கொப்பிகள் எல்லாம் போயின. படித்தது போகவில்லை. அதைக்கொண்டுதான் இன்று கற்பிக்கிறேன்.