கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட செய்தியாளர்

அரசுகள் மறைத்த உண்மையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் வில்பிரட் பேர்ச்செற். 1911இல் மெல்பேர்ணில் பிறந்த அவர், 1930களின் இறுதியில் ஜேர்மனியிலிருந்து யூதர்கள் தப்பிச்செல்லத் துணைநின்றார்.

1945 செப்டெம்பரில், செய்தியாளர் செல்லலாகாதென அமெரிக்கப் படை விதித்திருந்த தடையை மீறி, ஹிரோஷிமாவுக்குத் தனியே ரயிலேறினார். குண்டுவீச்சில் காயமின்றித் தப்பியோரும் இனந்தெரியாத நோயால் மடிவதைக் கண்டு எழுதினார். லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் அதனை வெளியிட்டது. கதிர்வீச்சு நோயை அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். காலமோ அவர் எழுதியதையே மெய்ப்பித்தது.

பின்னர் கொரிய, வியட்நாம் போர்களை எதிர்த்தரப்பிலிருந்து எழுதியமையால் துரோகியெனத் தூற்றப்பட்டார். கம்யூனிச அரசுகளின் குறைகளை அவர் போதியளவு காணவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும், அவர்மீது வழக்கெதுவும் தொடராத அவுஸ்திரேலிய அரசு, 1955இல் தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்றாக வேறொன்று வழங்க மறுத்தது. அவருடைய பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதியவும் மறுத்தது. 1970இல் சிறிய தனியார் விமானமொன்றிலேயே அவரால் பிறிஸ்பேன் வந்திறங்க முடிந்தது. 17 ஆண்டுகளின் பின், 1972இல் பதவியேற்ற விற்லம் அரசே கடவுச்சீட்டை வழங்கியது.

1983இல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அவர் காலமானார். அவரைப் பற்றி உளவுத்துறை இரகசியமாகத் திரட்டிய கோப்புகள் பல, இன்று தேசிய ஆவணக்காப்பகத்தில் யாவரும் வாசிக்கக் கிடைக்கின்றன.

1982ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம், அரசு எம்மைப் பற்றி வைத்திருக்கும் ஆவணங்களைக் கேட்கும் உரிமையை எமக்கும் அளிக்கிறது. குடியுரிமை இல்லாதவரும், புகலிடம் கோரி நிற்பவரும் தம் கோப்பைக் கேட்கலாம். எம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை நாம் அறியாதிருத்தல் தகாது.