மீட் ஐயரும் லோயிஸ் அம்மாளும்

திருவனந்தபுரம் பாளையத்தை அடுத்த எல்.எம்.எஸ். என்றால் பலருக்கும் பஸ் ஏறி இறங்கும் இடம்தான். லண்டன் மிஷனரி சொசைட்டி என்பதன் சுருக்கம் அது. அந்தச் சங்கத்துக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சார்லஸ் மீட், முதுமையில் இதே நகரில், ஆனால் அந்தச் சங்கத்துக்கு வெளியே வாழ்ந்து மறைந்தார்.

மீட் 1792-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1816-ல் மனைவியுடன் கப்பலேறினார். அந்த அம்மையாருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. பினாங்கில் இறந்து போனார். மனைவியை இழந்த நிலையில் மீட் மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1818 தொடக்கத்தில். அதுவரை அங்குள்ள சபையைக் கட்டிக் காத்து வந்தவர் மகாராசன் வேதமாணிக்கம். திருவிதாங்கூருக்கு மிஷனரியை முதலில் அழைத்தவரே அவர்தான். அவர் பறையர் சமூகத்தவர். வாசகர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வந்த வருஷமே மீடுக்கு நாகர்கோவிலில் நீதிபதி பதவி கிடைத்தது. மிஷனரிக்குச் சர்க்கார் உத்தியோகம் எதற்கு என்று லண்டனிலிருந்து ஆட்சேபம் வரவே, அதை விட்டுவிட்டார். பிறகு தஞ்சாவூர் ஹோர்ஸ்ட் பாதிரியாரின் மகள் ஜோஹன்னாவை மணந்தார். பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த நாகர்கோவில் செமினரி, 1820-ல் அங்கு அமைந்த திருவிதாங்கூரின் முதல் அச்சுக்கூடம், ஜோஹன்னா அம்மாள் கவனித்த பெண்கள் பள்ளி எல்லாம் அந்த ஆண்டுகளில் தோன்றியவை. ஒடுக்கப்பட்ட பெண்கள் குப்பாயம் அணியும் உரிமைக்காக அதிகாரிகளிடம் வாதாடியவர்களில் மீட் ஐயரும் ஒருவர். 1828-ல் நெய்யூருக்குக் குடிபெயர்ந்தார்.

ஜோஹன்னா 1848-ல் காலமானார். சில ஆண்டுகள் கழித்து, அறுபதை எட்டும் வயதில், மீட் மூன்றாம் முறையாகத் திருமணம் செய்துகொண்டார். மணப்பெண் லோயிஸ், தேவவரம் என்பவரின் மகள்; வேதமாணிக்கத்தின் சமூகத்தைச் சேர்ந்தவர்.

அவ்வளவுதான், புயல் கிளம்பிவிட்டது. சக மிஷனரிகள் ஏற்கவில்லை. தஞ்சாவூர் பாதிரியாரின் மகளை மணந்தபோது எழாத கேள்விகள் இப்போது எழுந்தன. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று பிரசங்கிக்கலாம். அந்தச் சமத்துவம் மிஷன் பங்களாவுக்குள் மனைவியாக வந்து நின்றால் பொறுக்க முடியாது போலும்! மீட் சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. தாமே முன்னின்று வளர்த்த மிஷனில் தமக்கு இடமில்லை.

வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருப்பார். இவர் மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டார். இளமையில் எந்தச் சர்க்கார் வேலையைச் சங்கத்துக்காக உதறினாரோ, அதே சர்க்கார்தான் இப்போது கை கொடுத்தது. உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் அரசுப் பள்ளிகளையும் அரசு அச்சுக்கூடத்தையும் கவனிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. பள்ளியும் அச்சும் அவருக்குப் புதிதல்லவே! ஆனால் நாஞ்சில் நாட்டுத் தமிழுக்கிடையே வாழ்ந்து பழகிய மனிதர், முதிய வயதில் மலையாளம் புழங்கும் தலைநகரில் புது வாழ்க்கை தொடங்க வேண்டியிருந்தது. லோயிஸ் அம்மாளுக்கு இன்னும் கடினம். தெருவில் நடக்கவே சாதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அவர் வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி. எந்தப் பக்கத்தாரும் தம்மவர் என்று எளிதில் சேர்த்துக்கொள்ளாத நிலை அது.

குப்பாய உரிமைக்கான அரசு அறிவிப்பு 1859-ல் வெளிவந்தபோது மீட் மிஷனரி அல்ல, சர்க்கார் ஊழியர். 1873 ஜனவரியில், எண்பதாவது வயதில், திருவனந்தபுரத்திலேயே காலமானார். இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி அப்போது ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.