மருந்தும் இசையும் வளர்த்த பண்டிதர்

நெல்லைச் சீமையிலே சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர் கிறிஸ்தவர். ஆயினும் சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரை அடுத்துச் சித்த மருத்துவம் பயின்றார்.

பின்னர்த் தஞ்சையில் ஆசிரியராய் இருந்து, அப்பணியை விடுத்து முழுநேர வைத்தியரானார். நகருக்குப் புறத்தே நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் அமைத்தார். பிளேக் நோய் பரவி மக்கள் நடுங்கிய நாட்களில் அவருடைய சஞ்சீவி மருந்துகள் பெரும் பெயர் பெற்றன.

மருந்தால் வந்த பொருளை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டினாரல்லர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டு, தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்ற கொள்கையை மறுத்து, 24 என நாட்டினார். 1916இல் பரோடா மாநாட்டில் அவர்தம் புதல்வியர் அக்கொள்கையை இசைத்துக் காட்டினர். அறிஞர் யாவரும் அதனை ஏற்றாரில்லை, அவரோ தளர்ந்தாரில்லை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூல் வெளிவந்தது. 1919இல் அன்னார் மறைந்தார்.

இந்து இளைஞர் மலரில் இவருக்கு இடமேன் எனச் சிலர் வினவலாம். தோட்டத்துக்குக் கருணானந்தபுரம், மருந்துக்குக் கருணானந்த சஞ்சீவி என்று தம் குருவின் பெயரையே சூட்டியவர் இவர். குரு வேற்றுச் சமயத்தவர் என்பதை அவர் ஒரு தடையாக எண்ணவில்லை. மிஷன் பள்ளியில் எழுத்தறிந்து, கோவிலில் தேவாரம் ஓதும் கலவான இளைஞராகிய நாமும் அந்நன்றியறிதலைக் கற்போமாக. பெற்ற கல்வியை நம் தோட்டத்து மக்களின் உடல்நலத்துக்கும் கலைக்கும் ஈவோமாக.