கரும்பின் குலம் ஆராய்ந்த ஜானகி அம்மாள்

மங்கலம்பேட்டையில் பொங்கலுக்குக் கரும்பு கடிக்காத பிள்ளை உண்டா? அந்தக் கரும்பின் குலத்தை ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி. அவர்தான் ஜானகி அம்மாள்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மணவாழ்வை நாடாமல் அமெரிக்கா சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி உண்டாக்கினார். செடிகளின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணினார். குரோமோசோம் என்பது பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டு செல்லும் நூல் போன்றது.

மகரந்தம் உருவாகும்போது இந்த நூல்கள் ஜோடி சேர்ந்து, அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஒட்டுகின்றன. அறுப்பதும் ஒட்டுவதும் புரதங்களின் வேலை. ஜோடி சேராவிட்டால் செடி மலடாகும். தூரத்து இனக் கலப்பில் வரும் தொல்லை இதுவே. மனித உடலிலும் அறுந்த நூலைப் புரதங்களே செப்பனிடுகின்றன. அது தவறினால் புற்றுநோய் வரலாம். புரதங்களின் இந்த வேலை பின்னாளில் தெரியவந்தது. அதற்கு முன்பே நூல்களை எண்ணிக் கணக்கு வைத்தவர்களில் அம்மையாரும் ஒருவர்.

1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கை நூலாக வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1984-ல் மதுரவாயலில் காலமானார்.

பெண்ணுக்கு மேற்படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், இந்த அம்மையாரை நினைத்துப் பார்க்க வேண்டும்.